அம்மா கேட்க ஆசைப்பட்ட சொல்

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு, இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்களில், வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு பெண் ஆறு மாத வேலையாக வந்திருந்தாள். என் வயதுதான். அவள் மேஜையில் ஒரு படம்: நடுவில் மகன், இரண்டு பக்கமும் வயதான இரண்டு பெண்கள். கேன்டீனில் ஒருநாள் அவர்கள் யாரென்று கேட்டேன்.

இருவரும் பாட்டிகள். அவள் பிறந்த வடக்கு வேல்ஸில் பாட்டியை 'நைன்' என்பார்களாம். கணவனின் ஊர்ப்பக்கமான தெற்கு வேல்ஸில் 'மாம்கீ'. மாம் என்றால் அம்மா, கீ என்றால் பிரியமான.

"நைன் எங்கிருந்து வந்தது?" என்றேன்.

மழலையில் பிறந்ததாகச் சொல்வார்கள் என்றாள். பேரன் முதன்முதலாக அப்படிக் கூப்பிட்ட அன்று அவள் அம்மா அழுதுவிட்டாளாம்.

நான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

என் அம்மா ஆற்காட்டுப் பக்கத்துக்காரி. அங்கே பாட்டிக்குப் பெயர் ஆயா. எனக்கு மகள் பிறந்தபோது, "என்ன ஆயான்னு கூப்புடப் பழக்குடி" என்று ஆசையாகச் சொன்னாள். பெங்களூரிலோ ஆயா என்றால் கிரெச்சில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவள்.

"அக்கம்பக்கத்துல உன்ன வேலைக்காரின்னு நெனச்சிப்பாங்கம்மா. பாட்டின்னே இருக்கட்டும்" என்றேன்.

"சரி, எதுவா இருந்தா என்ன" என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல்லுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருந்தாள். பஸ்ஸிலேயே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போனபோது அம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் நின்று, "ஆயா!" என்றாள்.

அம்மா திரும்பவில்லை. மகள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"யாரக் கூப்புடுதுடி கொழந்த?"

"உன்னத்தாம்மா."

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "எங்க, இன்னொரு தபா கூப்புடு கண்ணு" என்றாள்.

மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அன்று முழுக்கக் காரணமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அம்மா பதில் கொடுத்தாள்.

மகளுக்கு அப்போது நாலு வயது. அம்மா அதன் பிறகு இரண்டு வருடம்தான் இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், மகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து வருடமாவது கேட்டிருப்பாள்.