கடல்தொட்டியில் மயில்துத்தம்

என் வீட்டுக்காரர் சிவராமன் முப்பத்தொரு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தார். காரைக்காலில் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். குடுவை கழுவுவது, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, பிள்ளைகள் உடைத்த கண்ணாடியைப் பெருக்குவது, இதுதான் வேலை. கையில் எந்நேரமும் ஒரு மருந்து வாடை. கல்யாணமான புதிதில் அந்தக் கையால் சோறு பிசைகிறாரே என்று எனக்குக் குமட்டும். சொல்லியும் இருக்கிறேன். எழுந்துபோய் இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவார். கோபப்படத் தெரியாத மனுஷர். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் நெடுங்காடு. இரண்டு வீட்டிலும் நெல் சாகுபடிதான். வேலைக்காகக் காரைக்கால் பக்கம் தருமபுரத்துக்குக் குடிவந்தோமே தவிர, புத்தி இன்னும் வயல் வரப்பில்தான் நிற்கிறது. வீட்டுத் தொட்டிச் செடி வாடினால்கூட வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா என்றுதான் முதலில் கேட்பார்.

அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது ஜெமிமா டீச்சர் அந்தக் கடல்தொட்டியை வைத்தாள். ஒப்பந்தத்தில் வந்த விலங்கியல் டீச்சர். என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் 'அவள்' என்றே சொல்கிறேன். அப்பா இல்லை. கோட்டுச்சேரியில் அம்மாவும் அவளும்தான். கடலை நாலு தெருவுக்கு அப்பால் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கடல் உயிரைப் படத்தில் பார்க்கிறார்களே என்று அவளுக்கு ஆதங்கம். தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி நாலடி நீளத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். படகுக்காரர்கள் ஆழத்திலிருந்து கேனில் கடல்தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன், நீலமாக ஒன்று, சிவப்பு வரி போட்ட ஒரு இறால், ஆறு நத்தை. நத்தைகளுக்குப் பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு என் வீட்டுக்காரர் பெயர், மெதுவாக நடக்கிறதாம்.

அவருக்கு அதில் ஒரே பெருமை. ராத்திரி சாப்பாட்டில் நத்தைக் கதைதான். முப்பது வருஷமாக அவரை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. இந்தப் பெண்தான் எதைச் செய்தாலும் "அண்ணா, நீங்க என்ன நெனைக்கிறீங்க" என்று கேட்பாள்.

மூன்றாவது வாரம் தண்ணீர் பச்சையாகிவிட்டது. எதிர்ப்பக்கம் விரலை வைத்தால் தெரியாதாம். புதுத் தொட்டி, ஜன்னல் வெயில், பிள்ளைகள் பாசத்தில் அள்ளிப்போட்ட தீனி, எல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகிவிட்டது என்றாள் ஜெமிமா. விளக்கை அணைத்தாள். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி போட்டாள். தீனியைக் குறைத்து, கால் பங்குத் தண்ணீரை மாற்றினாள். பத்து நாள் பொறுத்தால் தானாகத் தெளியும், அவசரப்பட்டு எதையும் ஊற்றக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

பொறுக்க விட்டால்தானே. மேலதிகாரிகள் வியாழக்கிழமை பார்வையிட வருகிறார்கள் என்று தாக்கீது வந்தது. சாக்கடை மாதிரி இருக்கிற இதையா காட்டப்போகிறோம் என்று தலைமை ஆசிரியர் பத்துப் பேர் முன்னால் அவளைக் கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் புதுச்சேரியில் மூன்று நாள் பயிற்சி. தொட்டியை இவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மாலை துணியை விலக்கிப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனாலும் பச்சைதான் என்றார். அந்தப் பெண் திரும்பி வந்து மறுபடியும் திட்டு வாங்குமே என்று சோற்றை அளைந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வயலில் பாசி பிடித்தால் என்ன செய்வோம்? மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்மடையில் போடுவோம். தண்ணீர் அதன்மேல் ஓடி வயலுக்குள் போகும், பாசி செத்து ஒதுங்கிவிடும். உங்கள் ஆய்வகத்தில்தான் அந்த நீலச் செம்பு உப்பு புட்டி புட்டியாக இருக்கிறதே, அதைச் செய்யக் கூடாதா என்று கேட்டேன். அவர் முகம் தெளிந்தது. ஆமாம், இது தோன்றவில்லையே என்றார். என் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து நானே கொடுத்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் விழுகிற குழாய் வாயில் அந்த முடிப்பைக் கட்டியிருக்கிறார். வியாழக்கிழமை தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்கள். சாயங்காலம் ஜெமிமா வந்து பார்த்து, நீங்கள் பக்குவமாகப் பார்த்துக்கொண்டதால்தான் அண்ணா என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். இவர் முன்பே முடிப்பை எடுத்துவிட்டார். சொல்லலாம் என்று நினைத்தாராம். அவள் முகத்தைப் பார்த்ததும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை இறால் செத்தது. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. சனிக்கிழமை மீன்களும் போய்விட்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். வயலில் மயில்துத்தம் போட்டு நத்தை செத்தால் ஒரு தொல்லை ஒழிந்தது என்று இருப்போம். அந்த நினைப்பிலேயே வளர்ந்த எங்களுக்கு, இங்கே நத்தைதான் பிள்ளை என்று உறைக்கவே இல்லை.

பழி ஜெமிமா தலையில் விழுந்தது. தெரியாத வேலையைத் தொட்டு உயிர்களைக் கொன்றுவிட்டாள், ஊரார் கொடுத்ததையும் பாழாக்கிவிட்டாள் என்று தலைமை ஆசிரியர் எழுத்தில் விளக்கம் கேட்டார். அந்த மாதக் கடைசியில்தான், ஒப்பந்த ஆசிரியர்களில் யாரை அடுத்த வருஷமும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் பட்டியல் எழுதிப் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டும். அதில் பெயர் இல்லை என்றால் அவளுக்கு வேலை இல்லை.

இவர் அன்றே சொல்லக் கிளம்பினார். நான் வாசலில் மறித்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, என் வாயாலேயே சொன்னேன்: "தவளை தன் வாயால கெடும்ங்க. ஓய்வு பெற மூணு மாசம் இருக்கு. மெமோ கொடுத்துட்டா பென்ஷன், பணம் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருவாங்க. கமுக்கமா இருங்க. அது சின்னப் பொண்ணு, எங்க போனாலும் பொழைச்சுக்கும்."

மனுஷர் வாயை மூடிக்கொண்டார். ஒன்பது நாள். பள்ளிக்கூடம் போனார், வந்தார். அந்தப் பெண் தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டியபோது கூட நின்று வாளி தூக்கியிருக்கிறார். கல்லையும் மணலையும் எறிந்துவிடலாம் அண்ணா, இனிமேல் இதில் எந்த உயிரும் தங்காது என்றாளாம். ஏன் என்று இவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பாட்டை வைத்தால் பாதியில் எழுந்தார். நானும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். எனக்கும் வலித்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, திரும்பாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். "தையல், அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. கேட்டிருந்தா பொய்யாவது சொல்லியிருப்பேன். கேக்காம இருக்கே, அதுதான் எனக்குத் தாங்கல."

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். மயில்துத்தத்தை நான்தான் போட்டேன், டீச்சருக்குத் தெரியாது, தவறு முழுக்க என்னுடையது என்று. யோசனை யாருடையது என்று அவர் எழுதவில்லை. தலைமை ஆசிரியர் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்தாராம். பிறகு, பட்டியல் வெள்ளிக்கிழமையே போய்விட்டதே சிவராமன் என்றாராம்.

பின்னாலேயே இவர் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து, அவள் பெயரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு கடிதம் அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு வேறு பெயர் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. இவருக்கு மெமோ வந்தது. ஓய்வு நாளில் மாலை போட்டார்கள், ஆனால் விசாரணை முடிகிறவரை வர வேண்டியது எதுவும் வரவில்லை. நான் பயந்தது எல்லாமே நடந்தது. அதற்காக எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

போன மாதம் கோட்டுச்சேரிக்குப் போனேன். இவரிடம் சொல்லாமல் தனியாகத்தான் பஸ் ஏறினேன். ஜெமிமா மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறாள். விடியற்காலையில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புகிறாளாம். இளைத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் செய்ததற்கு மன்னித்துக்கொள் அம்மா என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னை முடிக்க விடவில்லை. "அண்ணன் மேல எனக்கு வருத்தம் இல்லைங்க அக்கா. மீன் செத்து ரெண்டு நாள்லயே தண்ணிய காலேஜ்ல ஒரு சிநேகிதிகிட்ட கொடுத்துப் பார்த்தேன். செம்பு இருக்குன்னு தெரிஞ்சிருச்சு. தொட்டி இருந்த அறைச் சாவி எங்க ரெண்டு பேருகிட்டதான் இருந்துச்சு. ரிட்டயர் ஆகுற நேரத்துல அவர் பேரைக் கெடுக்க மனசு வரல. அவராவே வந்து சொல்லுவாருன்னு தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

உள்ளே அவள் அம்மா டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"அவரு அன்னிக்கே கிளம்பினாரும்மா," என்றேன். "வாசல்ல நின்னு மறிச்சது நான்தான். நீ எங்கயாவது பொழைச்சுக்குவேன்னு சொன்னதும் நான்தான்."

ஜெமிமா என்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. அவள் அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தார்கள், நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம்.