தொழுவத்துக் கஞ்சி

மருமகள் பாயசத்துக்கு ஏலக்காய் நசுக்கும்போதெல்லாம் தேவாரம் ஊரில் இருந்த எங்கள் மாட்டுத்தொழுவம்தான் என் நினைவுக்கு வருகிறது. யுத்த காலம் அது. மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள், துணியெல்லாம் அந்த வாசமாக, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே இறங்கி வருவார்கள். ஊருக்குள் யாரும் சேர்க்காத அவர்களை என் அப்பத்தா எங்கள் தொழுவத்தில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, மிளகு தட்டிப்போட்ட கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள், அதைத் தட்டிக்கேட்க வந்த தெருக்காரர்களையே விறகு பிளக்கச் சொல்லி வேலை வாங்கிவிடுவாள்.

என் தம்பிக்கும் காய்ச்சல் கண்டதும் அப்பா தொழுவத்தைப் பூட்டினார்.

"பிள்ளைக இருக்கிற வீடு ஆத்தா. இனி ஒருத்தரும் இங்கன வரக் கூடாது."

"அப்ப அவுக எங்கடா போவாக?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய், ஒரு புளியமரத்தடியில் ஓலை வேய்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். தம்பி தேறிய பிறகு அப்பா எத்தனையோ முறை போய்க் கெஞ்சியும் திரும்பவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அப்பா தோளில் போட்டுத் தூக்கி வந்தார். வாசலுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்டுக்குள்ள வேணாம்டா. பிள்ளைக இருக்கு."

அப்பா அழுதுகொண்டே தொழுவத்தைத் திறந்தார். அவள் சாகிறவரைக்கும் நாங்கள் பிள்ளைகள் எட்டவே நின்றோம். கிட்டே வர அவள் விடவில்லை.