பாஹா, பாஹே

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு பிரஸ் மெஷின் வந்தது. அதை நிறுவ இளம் பொறியாளர் ஒருவரும் வந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கல்லூரியில் ஸ்பானிஷ் எடுத்தவள் என்று என்னை அவரோடு நிற்கச் சொன்னார்கள். வணக்கம் சொல்வதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

குன்றத்தூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் ஏவல் வினைகளை மட்டும் படித்தேன். வேலைக்கு அது போதும் என்று தோன்றியது. 'ஆர்' என்று முடியும் வினையில் அதை எடுத்துவிட்டு 'ஆ' போட வேண்டும். பஹார் என்றால் இறக்குதல், பாஹா, இறக்கு. 'எர்', 'இர்' என்று முடிந்தால் 'ஏ'. சுபிர் என்றால் ஏற்றுதல், சூபே, ஏற்று.

கிரேனை இயக்கியவர் ஐம்பதைத் தாண்டியவர். பொறியாளர் சொல்லச் சொல்ல அந்தச் சொற்களை மதியத்துக்குள் அவரே பிடித்துக்கொண்டார். டீ குடிக்கும்போது, பாஹா என்றால் 'இறக்கு' என்பதா, 'இறக்குங்க' என்பதா என்று என்னிடம் கேட்டார். இறக்கு என்றேன்.

"என் புள்ள வயசுகூட இல்ல அவருக்கு. மரியாதையா சொல்லச் சொல்லும்மா," என்றார். குரலில் கோபம் இல்லை.

தயங்கித்தான், எளிய ஆங்கிலத்திலும் சைகையிலுமாகப் பொறியாளரிடம் சொன்னேன். பொறியாளர் முகம் சிவந்தது. தங்கள் ஊர்ப் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்றார். மரியாதைக்கு அந்தக் கடைசி ஒலிகளை இடம் மாற்றினால் போதுமாம்: பாஹே, சூபா. அப்புறம் அப்படியே சொன்னார். நடுவில் மறந்தால் நிறுத்தித் திருத்திக்கொண்டார்.

மூன்று மணி வாக்கில் மெஷினின் மேல்பாகத்தைத் தூக்கும்போது கட்டிய பட்டை நழுவி, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடியில் ஃபிட்டர் ஒருவர் குனிந்திருந்தார்.

"பாரா," என்று பொறியாளர் கத்தினார். நிறுத்து.

கிரேன்காரர் அந்த நொடியே பொத்தானை விட்டார். ஃபிட்டர் நகர்ந்து வெளியே வந்தார். யாருக்கும் அடியில்லை.

பாரத்தைத் தரையில் வைத்த பிறகு பொறியாளர் கிரேன்காரரிடம் வந்தார். மரியாதையில்லாமல் சொன்னதற்குத் தன் சார்பில் மன்னிப்புக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். கேட்டேன்.

"அந்த நேரத்துல இன்னாம்மா மரியாதை? இன்னும் சத்தமா கத்தியிருக்கணும்னு சொல்லு."

அதை ஸ்பானிஷில் முழுதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவை கட்டளைகள்தான். 'கிரித்தார்' என்றால் கத்துதல்.

"கிரீத்தே," என்றேன். கத்துங்கள்.

பொறியாளர் கிரேன்காரரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பட்டையை மாற்றிக் கட்டி மறுபடி தூக்கினார்கள். ஷிஃப்ட் முடிவதற்குள் மேல்பாகம் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.