ல் மேலே ஒரு புள்ளி

எங்கள் அப்பாவுக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. செலவு. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் செலவு. இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டால் செலவு. உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால், "ஒரு பையனுங்க, ஒரு செலவுங்க" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த செலவாகிய நானும், வெட்கங்கெட்டுப்போய், பல தடவை சிரித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்தேழு வயது. சரவணம்பட்டியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, டிடிபி வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, எதுவானாலும் தமிழில் அழகாகக் கோத்து ஒளி ஊடுருவும் பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அச்சகத்தில் பிளேட் செய்து நூற்றுக்கணக்கில் அடிப்பார்கள். ஆக, நான் ஒரு தாளில் செய்யும் தப்பு நூற்றுக்கணக்கில் குட்டி போடும். இதை அப்போதே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

என்னிடம் பிரிண்டர் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஃப்ளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காந்திபுரத்துக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு சென்டரில் வரிசையில் உட்கார வேண்டும். என் முறை வரும்போது ஃப்ளாப்பி திறக்காது. "வீட்டுல போய் மறுபடி காப்பி பண்ணிட்டு வந்துருங்க மேடம்" என்பார்கள், ஏதோ வீடு அடுத்த தெருவில் இருப்பதுபோல. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவேன்.

பிரிண்டர் வாங்குகிறேன் என்று சொன்னதும் அப்பா சொன்ன முதல் சொல்லை நான் எழுதத் தேவையில்லை. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆறு வருஷம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம், அவருடையது இல்லை. இருந்தாலும் வீடு அவருடையது. கரண்ட் அவருடையது. ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"இத பாரு அம்மணி. மெஷினை வாங்கு, வேண்டாங்கல. வேல ஒழுங்கா நடக்கற வரைக்கும் நானும் மாப்பளப் பேச்சு எடுக்கல. ஆனா குத்தங் கொறன்னு ஒரு ஆள் நம்ம வாசப்படி ஏறிட்டா, அன்னூர்க்காரங்களை வரச்சொல்லிப்போடுவேன். அப்பறம் நீ தலையாட்டோணும்."

அன்னூர்க்காரர்கள் என்றால் தூரத்து உறவில் ஒரு பையன் வீடு. நல்ல தோட்டம், நல்ல கிணறு. பையனும் நல்லவன்தான் என்றார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் கம்ப்யூட்டர் எல்லாம் எதற்கு என்று மட்டும் கேட்டார்களாம். இந்தச் சம்பந்தத்தைப் பேசிக்கொண்டிருந்த பெரியப்பா முறை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்கு போன் செய்வார். "புள்ள என்ன பண்ணுது?" என்று கேட்பார் போலிருக்கிறது. "ஊட்டுலதானுங்க, சும்மாதானுங்க இருக்குது" என்று அப்பா சொல்வது, ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருக்கும் என் அறைக்குத் தெளிவாகக் கேட்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரர் மூன்று ஜாதி காட்டினார். ஊசி ஊசியாய்க் குத்தி அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ். தமிழ் எழுத்து அதில் பல்லிளித்தது. அடுத்தது இங்க் தெளிக்கிற வகை. விலை குறைவு, பார்க்கவும் அழகு. நான் சோதனைக்கு அடித்த தாளின் மூலையில் விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தேன். எழுத்து கரைந்து ஓடியது. விற்பனைக்காரர் முகம் சுளித்தார். பத்திரிகையின் நாலு மூலையிலும் ஈர மஞ்சள் தடவுகிற ஊர் இது. கொஞ்சமாக வேண்டும் என்பவர்களுக்கு நானே கார்டில் அடித்துக் கொடுக்கிற வேலையும் உண்டு. மாப்பிள்ளை பெயர் மஞ்சளில் கரைந்து ஓடினால் என்னைச் சும்மா விடுவார்களா?

ஆக, லேசர். அதிலும் இருப்பதிலேயே சின்னது. "காம்பாக்டுங்க மேடம், தையல் மெஷின் வெக்கற எடத்துல வெச்சுக்கலாம்" என்றார் டைக்காரர். அது ஒன்றுதான் அவர் சொன்னதில் உண்மை. மெமரி குறைவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகராசன். வீட்டுக்கு வந்து முதல் பத்திரிகையை அனுப்பினால், மேலே இருக்கும் பிள்ளையார் தும்பிக்கை வரைக்கும் வந்தார். தொந்தி அடுத்த தாளில் வந்தது. படத்தை எடுத்தால் எழுத்து வரும், எழுத்தை எடுத்தால் படம் வரும். கடைசியில் ஒரே பட்டர் பேப்பரை இரண்டு தடவை உள்ளே விட்டு, முதலில் பிள்ளையார், அப்புறம் கல்யாணம் என்று பழகிக்கொண்டேன். அந்தப் பேப்பரும் லேசில் மசியாது. உள்ளே சூட்டில் அப்பளம்போலச் சுருண்டு சிக்கிக்கொள்ளும். இழுத்தால் கிழியும். விட்டால் புகையும்.

அப்புறம் கரண்ட். பக்கத்து லேத்துப் பட்டறையில் மோட்டார் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும். அந்த நேரத்தில் பிரிண்டர் சூடேறினால் எல்லாம் அணைந்து ஃப்யூஸ் போகும். அம்மா மாவாட்டுவதற்கு என்னிடம் அனுமதி கேட்கும் நிலைமை வந்தது.

"ஏ அம்மணி, கிரைண்டர் போட்டுக்கட்டுமா?"

"சித்த இரும்மா, ஒரே ஒரு பக்கம்!"

"இட்லிக்கு நாளைக்கு ஊத்தறதா, நாளான்னைக்கு ஊத்தறதா?"

இப்படி மல்லுக்கட்டிக்கொண்டே ஏழெட்டு மாதம் ஓட்டினேன். ஒரு ஆள் கூடக் குறை சொல்லி வாசற்படி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா "பாக்கலாமுங்க" என்று இழுக்கத் தொடங்கியிருந்தார். அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது.

அப்பா நூல்மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்தில் ஒரு நாள் மெஷின்களைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, பட்டை போட்டு, சந்தனம் அப்பி, சாம்பிராணி காட்டியே வாழ்ந்தவர். வேலையை விட்ட பிறகு பூசை போட ஒரு மெஷின் இல்லாமல் தவித்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலையிலேயே குளித்துவிட்டுத் தட்டோடு என் அறை வாசலில் நின்றார். எனக்கும் மனசு இளகிவிட்டது. "மூடி மேல மட்டும் ஒரு பொட்டு வையுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பிரிண்டர் பழனி அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் சாமியார் மாதிரி இருந்தது. நெற்றி நிறையப் பட்டை. தாள் நுழையும் வாயில் ஒரு செவ்வந்திப்பூ. போதாததற்கு மேலே உலர்ந்த திருநீறை அள்ளித் தூவியிருந்தார்.

"மில்லுல இப்படித்தான் போடுவோம். ஒண்ணும் ஆவாது" என்றார்.

இரும்பு மெஷினுக்கு ஆகாது. இது அப்படியா? துணியால் துடைத்தேன், ஊதினேன், பூவை எடுத்தேன். பண்டிகை நாளில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் விஜயதசமி. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற ஒருவருடைய மகள் கல்யாணப் பத்திரிகை தயாராக இருந்தது. பூசைக்கு முந்தைய நாளே சாதாரணத் தாளில் எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்து, அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல நாளில் பட்டர் பேப்பரில் எடுத்தேன். அப்பா பெருமையோடு பக்கத்தில் நின்றார். அச்சகத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பட்டர் பேப்பர் பால் நிறமாக மங்கலாக இருக்கும். அதில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே ஓடியதை நான் பார்க்கவில்லை. முன்னமே படித்ததுதானே என்று மறுபடி படிக்கவும் இல்லை. அது என் தப்பு. அதை யார் தலையிலும் கட்டமாட்டேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மொபெட் நின்றது.

"ஏனுங்க, ஊட்டுல இருக்கறீங்களாங்க?"

தறிக்காரர். கையில் இரண்டு பெரிய பைகள். அப்பா எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார்.

"உக்காரலீங்க."

அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தண்ணி வேண்டாமுங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவர் கோபமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளக் குரலைக் கவனித்துப் பயனில்லை. கடைசி வரைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். தண்ணீரைக் குடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

அவர் ஒரு பத்திரிகையை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க. எம்பட புள்ள பேருக்கு முன்னால."

அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தார். "திருவளர்ச்செலவி..." நிறுத்தாமல் பெண்ணின் பெயரையும் படித்து முடித்து நிமிர்ந்தார். "சரியாத்தானுங்களே இருக்குது?"

நான் பத்திரிகையைப் பிடுங்கினேன். செல்வியில் ல் மேலே இருக்க வேண்டிய புள்ளி இல்லை. வெள்ளைக் கோடு சரியாக அந்த இடத்தில் ஓடியிருந்தது. மற்ற எழுத்துகளுக்கு உடம்பு இருந்தது, நடுவில் லேசாக மெலிந்ததோடு தப்பித்துக்கொண்டன. புள்ளிக்கு ஏது உடம்பு? அடியோடு போய்விட்டது. அறுநூறு பத்திரிகையிலும் மணப்பெண் திருவளர்ச்செலவி.

"புள்ளதானுங்க மொதல்ல பாத்துது" என்றார் தறிக்காரர். "ஒண்ணுஞ் சொல்லலீங்க. கார்டை மடியில வெச்சுட்டு அப்படியே உக்காந்துக்கிச்சுங்க. நாங் கடன் கிடன்னு ஊட்டுல பொலம்பறவந்தானுங்க. நாந்தான் அப்படிப் போடச் சொன்னனோன்னு நெனச்சுப்போட்டுதுங்க."

அப்பா இன்னும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. வந்தவர் முன்னால் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது.

"செலவின்னு இருக்குதுங்கப்பா! செல்வி இல்ல, செலவி! உங்களுக்கு அது சரியாத்தான் தெரியும். இருபத்தேழு வருசமா எனக்கு அந்தப் பேருதான வெச்சிருக்கறீங்க!"

அம்மா தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அறைக்குப் போய் பிரிண்டரைத் திறந்தேன். உள்ளே, லேசர் ஒளி வருகிற ஒடுக்கமான கண்ணாடியில் விரலை வைத்து எடுத்தேன். விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதை முகர்ந்தும் பார்த்தார். திருநீறு.

அப்பா தறிக்காரர் பக்கம் திரும்பினார்.

"தப்பு எம்பட மேலதானுங்க. புள்ள மேல ஒண்ணுமில்லீங்க. நாந்தான் மெஷினுக்குத் துண்ணூறப் போட்டுக் கெடுத்துப்போட்டேன்."

அவர் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்தத் தப்பை ஒத்துக்கொண்டார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

புதிதாக அடிக்க நேரமில்லை. மறுநாள் காலையில் உறவுக்காரர்களை அழைக்கக் கிளம்ப வேண்டும். நான் யோசித்தேன். இல்லாமல் போனது ஒரு புள்ளி. வைத்தால் போகிறது. என்னிடம் இருந்த மெல்லிய கறுப்புப் பேனாவால் ஒரு பத்திரிகையில் வைத்துக் காட்டினேன். தறிக்காரர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "அம்மணி, அந்தத் தண்ணியக் குடுங்க" என்று அம்மாவிடம் கேட்டார்.

கூடத்தில் பாய் விரித்து நாலு பேரும் உட்கார்ந்தோம். அப்பாதான் மெதுவாக வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, வெர்னியர் அளவுகோலில் அளவு பார்ப்பவர்போலக் குனிந்து, ஒவ்வொரு ல் மேலும் ஒன்று. வைத்துவிட்டு உதட்டுக்குள் படித்துப் பார்த்தார். செல்வி. அடுத்தது. செல்வி. ஒவ்வொன்றையும் படிக்க வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு போன் அடித்தது. சம்பந்தம் பேசுகிற பெரியப்பாதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தப்படி நான் தோற்றுவிட்டேன். ஒரு ஆள் குறை சொல்லி வாசற்படி ஏறி, இதோ பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்பா பேனாவை மூடாமல் எழுந்து போய் எடுத்தார்.

"ஆமாங்க... ஊட்டுலதானுங்க இருக்குது."

நான் அடுத்த பத்திரிகையை எடுத்தேன்.

"இல்லீங்க, சும்மா இல்லீங்க. புள்ள வேலையா இருக்குதுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நாளைக்குங்களா? நாளைக்கும் வேலைதானுங்க. அன்னூர்க்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

நான் தலையைத் தூக்கவில்லை. கண்ணை நீர் மறைத்துக்கொண்டிருந்தது. பேனாவைப் பத்திரிகைக்கு மேலேயே பிடித்தபடி, கண் தெளிகிற வரைக்கும் காத்திருந்தேன். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் புள்ளியை வேறெங்கோ வைத்துவிடுவேன்.