வாயூற வைத்த பாட்டில்

அந்த அச்சகத்தின் மாடியறையில் ஒரு காலத்தில் நான்கு நாற்காலிகள் இருந்தன. இப்போது மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அதில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் கத்தரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை.

பதினெட்டு வருடங்களாக லேபிள் வடிவமைப்பவள். திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பமாட்டாள். அதே அளவில் காகிதத்தில் எடுத்து, கத்தரியால் வெட்டி, நிஜமான பாட்டிலில் ஒட்டி, தண்ணீர் நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுபோய் மற்ற சாமான்களோடு நிற்க வைப்பாள். "புது பாட்டில் இன்னைக்கு நம்ம வீட்டு விருந்தாளி" என்பாள். மறுநாள் காலையில் அந்த விருந்தாளி கண்ணை உறுத்தாமல் இருந்தால்தான் லேபிள் அச்சு ப்ளேட்டுக்குப் போகும்.

அன்று மதியம் முதலாளி கையில் போனோடு படியேறி வந்தார். முகம் பூத்துக் கிடந்தது.

"இங்க பாருங்கம்மா. தரை துடைக்கிற லோஷன், ஆரஞ்சு வாசனை. நானே ஏஐகிட்ட சொன்னேன். பத்தே நிமிஷம்!"

பார்த்தாள். நறுக்கிய ஆரஞ்சுச் சுளை. அதன் மேல் முத்து முத்தாய் நீர்த்துளி. பின்னால் இளவெயில். அவள் மூன்று நாள் உட்கார்ந்தாலும் அந்தத் துளியில் அத்தனை வெளிச்சம் வராது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் முதலாளி, அவள் முகத்தைப் பார்க்காமல். "மாசக் கடைசியில இந்த ரூமைப் பேப்பர் குடோனா மாத்திடலாம்னு இருக்கேன். படத்தை நானே போட்டுடறேன்னா, அப்புறம்... உங்களுக்கே புரியும்."

புரியாமல் என்ன!

"எழுத்து எங்க வரணும் சார்?"

"எங்கயாவது கீழ போடுங்க, படத்தை மறைக்காம. காலையில ப்ளேட்டுக்கு அனுப்பிடலாம்."

எழுத்தைப் போட்டாள். விரல்கள் பழக்க தோஷத்தில் காகிதத்தில் எடுத்தன, வெட்டின, ஒட்டின. இதுதான் கடைசி விருந்தாளியோ என்று நினைத்தபோது இரண்டு சொட்டுக் கண்ணீர் லேபிளின் ஓரத்தில் விழுந்து ஊறியது. துடைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பள்ளி வேன் ஓட்டும் கணவர் அன்று மாலை தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தார். பாட்டிலைச் சமையலறையில் நிற்க வைத்துவிட்டு அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சமையலறையில் மூடி திறக்கும் சத்தம். 'மடக் மடக்' என்று பாதி பாட்டில் உள்ளே போகும் சத்தம்.

"ஏம்மா, என்ன ஜூஸ் இது? இனிப்பே இல்ல! உப்புச் சப்பில்லாம தண்ணி மாதிரி இருக்கு."

ஈர முகத்தோடு ஓடி வந்தவள் நிலைப்படியிலேயே உறைந்து நின்றாள்.

கல்லூரியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அப்பா! தரை துடைக்கிற லோஷனைக் குடிச்சிட்டு டேஸ்ட் சரியில்லைன்னு குறை வேற சொல்றீங்களா?"

"லோஷனா?" அவர் பாட்டிலைத் தூர நீட்டிப் பிடித்தார். "எங்க போட்டிருக்கு?"

"கீழ போட்டிருக்கு பாருங்க."

"தாகத்துல வர்றவன் கீழ படிச்சுக்கிட்டா இருப்பான்? பழத்தைப் பார்த்தேன், வாயூறுச்சு, குடிச்சேன்!"

மகளோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். உள்ளே தண்ணீர் இருந்ததால் சிரிப்பு. இதுவே கடையில் வாங்கிய பாட்டிலாக இருந்திருந்தால்? அவர் பயந்துபோய், "தண்ணிதானே குடிச்சேன், எதுக்கு இப்படி அழுற?" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தாள்.

காலையில் முதலாளி வருவதற்கு முன்பே அச்சக வாசலில் நின்றாள்.

"சார், இது ப்ளேட்டுக்குப் போகாது."

நடந்ததைக் கேட்டு முதலாளி சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் ஒருத்தர் குடிச்சா ஊரே குடிச்சிடுமா?"

"ஒருத்தர் போதாதா சார்?"

சிரிப்பு நின்றது.

"ஏஐகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

முதலாளி தயங்கிப் போனை நீட்டினார். படித்தாள். 'பார்த்த உடனே வாயூறணும்.' பிஸ்கட் உறை அச்சடித்தே பெரிய ஆளானவர் அவர். எந்த லேபிள் என்றாலும் வாயில் முதலில் வருவது அதுதான். பதினெட்டு வருடமாக அவளிடமும் சொல்லியிருக்கிறார், பினாயிலுக்கும் சொன்னார், எலி மருந்துக்கும் சொன்னார். அவளும் 'சரி சார்' என்று தலையாட்டிவிட்டு, அதைக் காதோடு விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். பாவம் அந்த இயந்திரம், சொன்னதை அப்படியே செய்திருக்கிறது.

"லோஷன் கம்பெனிப் பார்ட்டி அஞ்சு மணிக்கு வர்றார். எனக்கு மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க. அதே ஏஐயில நானே போட்டுக் காட்டறேன்."

"உங்களுக்கு அது தெரியாதே?"

"இன்னைக்குத் தெரிஞ்சுக்கறேன்."

சுலபமாக இருந்ததா? இல்லவே இல்லை. ஆரஞ்சு என்று எழுதினாலே போதும், ஏஐக்குத் தாகம் எடுத்துவிடும். முதல் முயற்சியில் கண்ணாடித் தம்ளர் வந்தது. ஏழாவதில் ஐஸ் மிதந்தது. பதினைந்தாவதில் பழத்தை ஒழித்துவிட்டாள் என்று பார்த்தால், துடைப்பத்தின் பக்கத்தில் உறிஞ்சுகுழல்! "உனக்கு ஏன்யா இவ்வளவு தாகம்?" என்று திரையைத் திட்டினாள். சாப்பாட்டுப் பையைத் தொடவில்லை. இருபத்து மூன்றாவது முயற்சியில், பளபளக்கும் ஈரத் தரை, நீளமாய் ஒரு துடைப்பான் இழுத்துப் போன தடம், அந்தத் தடத்தில் மட்டும் ஆரஞ்சு நிற வெளிச்சம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'தரைக்கு மட்டும்' என்பதைத் தன் கையால் பெரிதாக எழுதி நடுவில் வைத்தாள்.

மூன்று மணிக்கு இரண்டு பாட்டில்கள், மதியச் சாப்பாடு சாப்பிடும் மேசைமேல் நின்றன. ஒன்றில் முதலாளியின் லேபிள், ஒன்றில் அவளுடையது. இரண்டிலும் தண்ணீர். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கீழ இருந்து மிஷின்காரரைக் கூப்பிடுங்க சார். ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார் மிஷின்காரர். "என்ன கத்தரியக்கா, மேல குடோன் எப்ப வருது?" என்று வழக்கம்போல் சீண்டினார். மேசையைப் பார்த்தார். அவளுடைய பாட்டிலை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"தின்னுற மேசையில எதுக்கு லோஷனை வெச்சிருக்கீங்க?"

சொல்லிக்கொண்டே மற்ற பாட்டிலின் மூடியைத் திருகி வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிக்காதய்யா!"

அலறியது முதலாளி. உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பாய்ந்து போய்ப் பாட்டிலைத் தட்டிவிட்டார். தண்ணீர் மூன்று பேர் மேலும் தெறித்தது. மிஷின்காரர் திறந்த வாயை மூடாமல் நின்றார்.

பிறகு முதலாளி, அவளுடைய பாட்டிலைக் கையில் எடுத்து, "பார்ட்டிகிட்ட இதையே காட்டுங்க" என்றார். குரல் அடங்கியிருந்தது.

"காட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சார். படத்தை யார் வேணா போடுங்க, எதுல வேணா போடுங்க. ஆனா இனிமே என் வீட்டுல ஒரு நாள் நிக்காம எந்த லேபிளும் ப்ளேட்டுக்குப் போகக்கூடாது. இதுவும் இன்னைக்கு வீட்டுக்கு வருது. பார்ட்டிகிட்ட நாளைக்குத்தான் ப்ளேட்டுன்னு சொல்லிடுங்க."

"அப்ப குடோன்?"

"அதுக்குக் கீழ இடம் பாருங்க."

முதலாளி படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, "அந்த ஏஐயை எனக்கும் ஒருநாள் சொல்லிக் குடுங்கம்மா" என்றார்.

மிஷின்காரர் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, "யாராவது எனக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கப்பா" என்றார்.

அவள் தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

அது போதும் அவளுக்கு. மூடியை இறுக்கி, புது விருந்தாளியைப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.