வளரும் குதிரைக்கு வாங்கிய போர்வை

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் குதிரை லாயங்களில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் லாயம் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறோம். முதலாளியை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இருந்த இரண்டு குதிரைகளுக்கும் வயதாகிவிட்டதால், இளசாக ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி வந்தார். அது பழகினால்தான் தொழில் நிலைக்கும்.

மார்கழிப் பனியில் அதற்கு இருமல் பிடித்தது. கால்நடை டாக்டர் போர்வை போடச் சொன்னார். மார்பின் நடுவிலிருந்து விலா வழியாகப் பின்தொடை முடியும் இடம்வரை நூல் பிடித்து அளவெடுத்துக் கொடுத்தேன். அண்ணன் வாங்கி வந்தது ஒரு முழம் கூடுதல்.

"அண்ணே, தொங்குதுண்ணே. கழுத்துக்கிட்டயும் ரொம்ப அகலம்."

"அட போப்பா! வளர்ற புள்ளைக்கு யாராச்சும் அளவா சட்டை எடுப்பாகளா? ஒன் கல்யாணச் சட்டையே முட்டி வரைக்கும்ல தொங்குச்சு."

"நான் மடிச்சு விட்டுக்கிட்டேண்ணே. குதிரை என்ன செய்யும்?"

"இம்புட்டுப் பேச்சு எங்க ஒளிச்சு வச்சிருந்த? மாட்டுப்பா. ரெண்டு வருசம் ஓடும்."

மாட்டினேன். பெல்ட்டை இறுக்கினால் தோல் உராய்ந்தது, தளர்த்தினால் போர்வை சரிந்தது. ஒரு விடியற்காலை தீவனத்தோடு போனபோது, போர்வை வயிற்றுக்குக் கீழே திரும்பி, பெல்ட்டில் பின்னங்கால் மாட்டியிருந்தது. குதிரை மிரண்டு தண்ணீர்த் தொட்டியின் கல்லில் இடது தோளை மோதிக்கொண்டிருந்தது. அரிவாளால் பெல்ட்டை அறுத்தேன்.

டாக்டர் தோளைத் தடவிப் பார்த்தார். "நரம்பு செத்துப்போச்சு. நடக்கும். ஆள் சுமக்காது."

அண்ணன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தானப்பா பெருசா எடுத்தேன்" என்றார். நான் அறுந்த பெல்ட்டைப் பொறுக்கிச் சுருட்டினேன்.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் போர்வைக்குள் கை தாராளமாக நுழைய வேண்டும். குதிரை தலை குனிந்து மேயும்போது மார்பில் இழுக்கக் கூடாது. வால் தொடங்கும் இடத்தோடு போர்வை முடிய வேண்டும். இன்றைக்கு அதன் உடம்பு என்னவோ, அதற்குத்தான் போர்வை.

இப்போது ஊர்வலங்களுக்கு ஆட்கள் வேறு லாயத்துக்குப் போகிறார்கள். வெள்ளைக் குதிரையை விற்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. இந்த மார்கழியிலும் அதற்கு இருமல். இடது தோள் சதை வற்றிக் குழி விழுந்துவிட்டதால், கடையில் வாங்கும் எந்தப் போர்வையும் அந்தப் பக்கமாகவே சரிகிறது. பழைய மெத்தைப் பஞ்சை இடது பக்கம் வைத்து நானே தைக்கிறேன். அண்ணன் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு முறை பிரித்துத் தைத்தாகிவிட்டது. இன்னும் சரியாகப் பொருந்தவில்லை.

மார்கழி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.