அக்கரையில் இருந்த பள்ளிக்கூடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆனி மாதம், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். பத்தாவது வரை படித்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். துணி கொண்டுவருகிறவர்களிடம் அளவு கேட்பதைத் தவிர அதிகம் பேசிப் பழக்கமில்லை.

அன்று ஒரு கல்லூரி மாணவி வந்தாள். நூறு வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். அப்போது பள்ளிக்கூடம் அக்கரையில் இருந்தது, பாலம் கிடையாது. சேர்ந்த பெண்களில் பலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். ஊரில் கேட்டால் வறுமை, சின்ன வயதுக் கல்யாணம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தப் பிள்ளைங்க நடந்த வழியில நானும் ஒரு தடவ நடந்து பாக்கணும்க்கா. கூட வர்றீங்களா?" என்றாள்.

என்னை அப்படி யாரும் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. தையலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆறு காய்ந்து கிடந்தது. மணலில் கால் புதைய நடந்து அக்கரை சேர்ந்தோம். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வாழைக்கொல்லை. அவள் படம் எடுத்தாள். கேட்டுக் கேட்டு என்னையும் பேச வைத்தாள். கல்லணை திறந்தது எனக்குத் தெரியும். தண்ணீர் எங்கள் பக்கம் வர மறுநாளாகும் என்று நினைத்து, பேச்சு ருசியில் கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதிருக்கும் பாலத்தின் வழியாகச் சுற்றிப் போனால் அவளுடைய பஸ் போய்விடும். "கணுக்கால் தண்ணிதான், வாம்மா" என்று அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் ஆறு என்ற தைரியம். வரும்போது ஒதுங்கி நடந்த, லாரிகள் மணல் அள்ளிய குழிகள் இப்போது தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் என்று நினைக்கவே இல்லை.

பாதி ஆற்றில் பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் அவள் தலைமுடி மட்டும் தெரிகிறது. எட்டிப் பிடித்த கை வழுக்கியது. மறுபடி பிடித்தேன். என் காலடி மணலும் சரிய ஆரம்பித்தது. எங்கள் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து, தழை பறிக்கும் துரட்டிக் கம்பை நீட்டினார். "கம்பப் புடி! விடாதம்மா!"

இருவரையும் கரையேற்றியபிறகு அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ இந்த ஊர்க்காரிதானே? குழி இருக்கறது தெரியாது? இன்னொருத்தர் வீட்டுப் புள்ளய இப்படியா கூட்டியாருவ?" நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் இருமிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் போன் அடித்தது. அவளுடைய அம்மா. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அழுதுவிட்டாள். நடந்தது தெரிந்ததும் அந்த அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "படிச்சுக் கிழிச்சது போதும். ஒடனே வீட்டுக்கு வாடி!"

போனை வைத்தவள், அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்தாள். "நூறு வருசத்துக்கு முன்னாடியும் இந்தக் கரையில நின்னு அம்மாங்க இதத்தான்க்கா சொல்லியிருப்பாங்க."

மாற்றுத் துணி கொடுத்து அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆற்றோடு போயிருப்பேன் என்று சொல்லவும் ஆளில்லை.

அவள் படிப்பை நிறுத்தவில்லை. ஆராய்ச்சியை முடித்துவிட்டதாகப் பிறகு போன் செய்தாள். பயந்துபோன ஒரு தாயின் சொல்லில் அந்தக் காலத்தில் எத்தனை பெண்களின் படிப்பு நின்றதோ, நினைத்தால் வருத்தம்தான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஆற்றில் தண்ணீர் வரும்போது, போகாதே என்று என்னைத் தடுக்க ஒரு குரல் இல்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.